ரீவி அலுமாரி அடிக்க முதல் அதன் முதுகை யோசியுங்கள்

திருகோணமலையில் புது வீடு கட்டுபவர்கள் ஹோலில் ஒரு சுவரை ரீவிக்கென்று ஒதுக்கி, அதன் கீழே எம்டிஎஃப் பலகையில் நீளமாக ஓர் அலுமாரி அடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஓடாவியிடம் ஃபோனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். அந்தப் படத்தில் ரீவி இருக்கும், பூச்சாடி இருக்கும், ஒரு வயர்கூட இருக்காது. ரிசீவர் (ஸ்பீக்கர்களை ஓட்டும் ஹோம் தியேட்டர் அம்ப்ளிபயர்), டிஷ் பொக்ஸ், ரவுட்டர், யூபிஎஸ் எல்லாம் அலுமாரி வந்து இறங்கிய பிறகுதான் ஞாபகத்துக்கு வரும். என்னைக் கூப்பிடுவதும் அப்போதுதான்.

வீடுகளுக்கு ஒலி, ஒளிச் சாதனங்கள் பூட்டிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். பழுதென்று வரும் அம்ப்ளிபயர்களில் கணிசமானவை வைத்த இடத்தால் கெட்டவை. சாதனத்தின் மேல் குற்றமில்லை. ஆகவே அலுமாரியின் முகத்தை வரைய முதல் முதுகை வரையுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். ஒரு கொப்பித் தாளும் அடிமட்டமும் போதும்.

முதலில் ஆழம். சண்டை பிடிப்பது எப்போதும் இதுதான். ஹோம் தியேட்டர் ரிசீவர் ஒன்றின் அகலம் ஏறக்குறைய 43 செ.மீ.; ஆழம் 33 முதல் 40 செ.மீ. வரை போகும். பின்னால் எச்டிஎம்ஐ வயரும் ஸ்பீக்கர் பிளக்குகளும் வளைந்து திரும்ப இன்னும் 7, 8 செ.மீ. வேண்டும். ஓடாவி வழக்கமாக அடிக்கும் ரீவி அலுமாரியின் ஆழமோ 14 அல்லது 16 அங்குலம், அதாவது 35 முதல் 40 செ.மீ. தான். ஓர்ஸ்ஹில் பக்கம் ஒரு வீட்டில் அழகான அலுமாரி, புது ரிசீவர், எல்லாம் இருந்தது, கதவுதான் சாத்தவில்லை. கடைசியில் பின் பலகையை வெட்டியெடுத்தோம். உள் ஆழம் 50 செ.மீ. என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அகலத்தில் இரண்டு பக்கமும் 5 செ.மீ., உயரத்தில் ரிசீவருக்கு மேலே குறைந்தது 10 செ.மீ. வெறுமையாக இருக்கட்டும். ஸ்டூடியோக்களில் சாதனங்களை அடுக்கிப் பூட்டும் 19 அங்குல ராக் வீட்டுக்குத் தேவையா என்று சிலர் கேட்பார்கள். அம்ப்ளிபயர்கள் நாலைந்து உள்ள வீட்டுக்கு அது சரி. மற்றவர்களுக்கு நல்ல பலகைத் தட்டுகளே போதும் என்பது என் எண்ணம்.

அடுத்தது சூடு. பாட்டு மெல்லமாகப் போனாலும், போகாமலே இருந்தாலும், ஏபி வகை (வழக்கமான அம்ப்ளிபயர் வகை) ரிசீவர் ஒன்று ஓன் செய்த நேரம் முழுக்க 40 முதல் 70 வாட்ஸ் வரை இழுத்துக்கொண்டிருக்கும். அதில் ஏறக்குறைய எல்லாமே வெப்பமாகத்தான் வெளியே வரும். பழைய 60 வாட்ஸ் குண்டு பல்ப் ஒன்றை அலுமாரிக்குள் எரியவிட்டுக் கதவைச் சாத்தியது போலத்தான். இங்கே கச்சான் என்னும் தென்மேற்குச் சுடுகாற்று வீசும் மாதங்களில் வெளி வெப்பமே 35 பாகையைத் தாண்டும். ரிசீவர்களின் கையேட்டைப் பார்த்தால் சுற்றியுள்ள காற்று 35 அல்லது 40 பாகை வரை இருக்கலாம் என்றுதான் போட்டிருக்கும். மூடிய பெட்டிக்குள் அந்த எல்லை மதியத்துக்குள்ளேயே தாண்டிப் போகும். உள்ளே உள்ள எலெக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர்களின் (மின்னைச் சேர்த்து வைக்கும் பாகங்களின்) ஆயுள் ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் போடும் கணக்கு. புதிதில் ஒன்றும் தெரியாது. சில வருடம் கழித்து, வாங்கிய காசுக்கு மோசமில்லை என்று நினைக்கும் நேரத்தில் செற் படுத்துவிடும்.

சூடான காற்று மேலே போகும் என்பதை வைத்தே தட்டுகளின் ஒழுங்கைப் போட்டுவிடலாம். அதிகம் சூடாகும் ரிசீவர் மேல் தட்டில். அதன் மேலே ஒன்றும் வேண்டாம், முக்கியமாக டிஷ் பொக்ஸ் வேண்டாம். தட்டையான இடம் கண்டவுடன் ரிசீவரின் தலையில் டிஷ் பொக்ஸை ஏற்றி வைப்பது நம் ஊரில் வீட்டுக்கு வீடு நடக்கிறது. காற்றுத் துவாரம் அடைபட்டு இரண்டும் சேர்ந்து வேகும். டிஷ் பொக்ஸ், கேம் செற் நடுத்தட்டில். யூபிஎஸ் பாரமானது, அதன் பற்றரிக்கும் சூடு ஆகாது, எனவே அடித்தட்டு. ரவுட்டரை அலுமாரிக்குள்ளேயே வைக்க வேண்டாம். ரீவியின் பின்னாலும் வேண்டாம். சென்டர் ஸ்பீக்கர் தட்டின் முன் விளிம்புவரை வரட்டும், உள்ளே தள்ளினால் குரல் பெட்டிக்குள்ளிருந்து பேசும். சப்வூபர் நிலத்தில்.

பின் பலகையை நான் பெரும்பாலும் வேண்டாம் என்பேன். வேண்டும் என்றால் கீழே காற்று உள்ளே வரவும் மேலே வெளியே போகவும் பெரிய வெட்டு வேண்டும். அப்படியும் போதாவிட்டால் கொம்பியூட்டருக்குப் போடும் 120 மி.மீ. ஃபேன் ஒன்றை மேல் வெட்டில், காற்றை வெளியே தள்ளும் பக்கமாகப் பூட்டலாம். 12 வோல்ட் ஃபேனுக்கு 9 வோல்ட் அடாப்டர் கொடுத்தால் சத்தமே கேட்காது.

கதவு விஷயத்தில்தான் வீட்டுக்காரரோடு பேச்சு நீளும். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், "தம்பி, கதவில்லாட்டி வடிவில்லையே, தூசியும் வருமே" என்றார். "சரி ரீச்சர், கதவு போடுவம், ஆனா பிரம்புப் பின்னல்ல போடுவம்" என்றேன். பிரம்புப் பின்னலுக்குள்ளால் காற்றும் போகும், ஸ்பீக்கர் சத்தமும் போகும், ரிமோட்டின் கதிரும் ஓரளவு போகும். கண்ணாடிக் கதவு ரிமோட்டுக்கு நல்லது, சூட்டுக்கு எமன். பலகைக் கதவுதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள், ரிமோட்டின் சிக்னலை வெளியே வாங்கி உள்ளே கொடுக்கும் சிறிய ரிப்பீட்டர் ஒன்றுக்குக் காசு ஒதுக்க வேண்டிவரும்.

திறந்த அலுமாரியில் இன்னொரு பிரச்சினை உண்டு. பல்லியும் எறும்பும் சூடான இடம் தேடி வரும். பவர் சப்ளைப் பலகையில் 230 வோல்ட் உள்ள இரண்டு இடத்தைப் பல்லி மிதித்தால் பல்லியும் போகும், செற்றும் போகும். அலுமாரியின் வெட்டுகளுக்கு நுளம்பு வலை அடித்துவிடுங்கள். சாதனத்தின் சொந்தத் துவாரங்களை மட்டும் மூடக் கூடாது.

உப்புக் காற்றுக்கு வருவோம். கடலோரமான டச்சு வளைகுடா, திருக்கடலூர், உப்புவெளி, நிலாவெளி வீடுகளுக்கும் உள்ளே தள்ளியிருக்கும் கன்னியா, பாலையூற்று வீடுகளுக்கும் இதில் நல்ல வித்தியாசம் தெரியும். உப்புத்தூள் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். முதலில் சாகிறது பின்பக்கச் சொக்கட்டுகள். ஸ்பீக்கர் வயரின் செம்பு இழை பச்சையாகி, கறுத்து, ஒரு பக்கம் சத்தம் விட்டு விட்டுக் கேட்கும். உடனே அம்ப்ளிபயரைத் தூக்கிக்கொண்டு வராமல், வயர் நுனியை ஓர் அங்குலம் வெட்டி, புதிதாகச் சீவி, பனானா பிளக் போட்டுப் பாருங்கள். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரெதிரே அலுமாரி வேண்டாம். மாரியில், ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, வெளிச்சுவர் ஈரம் குடிக்கும். உட்சுவர் கிடைத்தால் அதையே எடுங்கள், இல்லையென்றால் சுவருக்கும் அலுமாரிக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். எம்டிஎஃப் ஈரத்தில் ஊதும், ஆகவே நிலம் துடைக்கும் தண்ணீர் படாத உயரத்துக்குக் கால் வையுங்கள். சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்க, வருடத்தில் பாதி பூட்டிக் கிடக்கும் வீடுகளில்தான் செற்றுகள் இன்னும் கெதியாகப் போகின்றன. காவலுக்கு இருப்பவரிடம் இடைக்கிடை ஒரு மணித்தியாலம் போட்டுவிடச் சொன்னால் உள்ளே ஈரம் காயும்.

கரண்ட் பக்கத்தில், அலுமாரி வரும் இடத்தில் 13 அம்பியர் சதுரப் பின் பொயின்ட் குறைந்தது நான்கு, ஒரே சேர்கிட்டில் வேண்டும். பழைய வீட்டு வட்டப் பின் பொயின்டில் மல்டி பிளக்கின் மேல் மல்டி பிளக் குத்துவது தீப்பிடிக்கும் வேலை. எர்த் இல்லாமல் சேர்ஜ் புரொடெக்டர் (வோல்ட் திடீரென ஏறினால் தடுக்கும் கருவி) பாதி வேலைதான் செய்யும். உப்புவெளிப் பக்க மணல் கோடையில் காய்ந்தால் எர்த் கம்பியின் தடை ஏறிவிடும்; எலெக்ட்ரீஷியனைக் கொண்டு கோடையிலேயே அளந்து பார்ப்பது நல்லது. ஸ்பீக்கரில் உம்மென்று இரைச்சல் வந்தால் டிஷ் வயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது என்று அர்த்தம். அதற்காக பிளக்கின் எர்த் பின்னை வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அது உயிரோடு விளையாடுவது. டிஷ் வயரின் வெளிக்கவசத்தை வீட்டின் எர்த்தோடு சேர்த்தால் பெரும்பாலும் தீரும்.

ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி வரும்போது கரண்ட் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். டிஷ் வயரும் செம்பு வயரில் வரும் இன்டர்நெட் லைனும் அப்படியே கிடக்கும், மின்னல் அதன் வழியாகவும் வரும். அலுமாரியை நகர்த்தாமல் மூன்றையும் கழற்ற முடியாவிட்டால் யாரும் கழற்ற மாட்டார்கள். அந்த மூன்றையும் பக்கவாட்டில், கை எட்டும் இடத்தில் கொண்டுவந்து விடுவதைத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

சுவர் பூச முதல் மேசனிடம் ரீவிக்கும் அலுமாரிக்கும் நடுவே 50 மி.மீ. பைப் ஒன்று புதைக்கச் சொல்லுங்கள். எச்டிஎம்ஐ பிளக்கின் தலை 20 மி.மீ. வயர் பைப்புக்குள் போகாது, வளைவும் கூர் முழங்கையாக இல்லாமல் நீள வளைவாக இருக்க வேண்டும். உள்ளே நைலோன் நூல் ஒன்றை விட்டு வைத்தால் நாளைக்குப் புது வயர் இழுக்கலாம். கரண்ட் வயரை அதே பைப்பில் விடக் கூடாது. புரொஜெக்டர் போன்ற தூர இடத்துக்கு, 5 மீற்றருக்கு மேல் என்றால், ஒப்டிகல் (ஒளியிழை) எச்டிஎம்ஐ வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு, எந்த நுனி ரீவிக்கு என்று அதிலேயே போட்டிருக்கும், பைப்புக்குள் இழுக்க முதல் பாருங்கள்.

ரிசீவரை முன்னுக்கு இழுத்துத் திருப்பும் அளவுக்கு வயர்களை நீளமாக விடுங்கள். ஒவ்வொரு வயரின் இரண்டு நுனியிலும் பெயர் எழுதுங்கள். கடதாசி லேபிள் இங்கத்தைய ஈரத்தில் ஒரு மாரிக்கு நிற்காது. வயரின் மேலேயே அழியாத பேனாவால் எழுதி, மேலே சூட்டில் சுருங்கும் தெளிவான ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடு காட்டினால் நிற்கும்.