அடியில் பொறித்த ஆண்டு, பொருள் செய்த ஆண்டு அன்று

சென்ற வாரம் சித்தூரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர், பாலக்காட்டில் நான் பழம்பொருள்களைப் பழுது பார்த்து மதிப்பிடும் பட்டறைக்கு வந்தார். துணியில் பொதிந்து அவர் கொண்டு வந்தது குழந்தைகளின் மேசையில் வைக்கும் ஒரு பென் ஸ்டாண்டு. சிவப்பு நாய்க்கூண்டின் கூரைமேல் விமானியின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பீனட்ஸ் என்ற அமெரிக்கப் படக்கதையில் வரும் நாயான ஸ்னூப்பி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு மஞ்சள் குருவி, அதன் காலடியில் வுட்ஸ்டாக் என்ற பெயர். அடிப்பாகத்தில் 1958, 1966 என்ற இரண்டு ஆண்டுகளும், அந்தப் படக்கதையின் உரிமையை வைத்திருந்த யுனைடெட் ஃபீச்சர் சிண்டிகேட் என்ற நிறுவனத்தின் பெயரும், ஹாங்காங்கில் செய்தது என்ற குறிப்பும் இருந்தன. 1958இல் செய்த பொருள் என்று விற்றவர் உறுதி கூற, அதை நம்பி அவர் ரூ.14,000 கொடுத்திருக்கிறார். இதே கதையோடு இந்த ஆண்டில் என் மேசைக்கு வந்த ஏழாவது பொருள் இது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்த ஆண்டு பதிப்புரிமைக்கு உரியது. அந்த உருவம் எந்த ஆண்டில் முதன்முதலாக வெளியிடப்பட்டு உரிமை கோரப்பட்டது என்பதை மட்டுமே அது சொல்கிறது. பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்த்த ஆண்டை அது சொல்வதில்லை. அமெரிக்காவின் 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமையாளரின் பெயரும், பல வகைப் படைப்புகளுக்கு ஆண்டும் கொண்ட பதிப்புரிமைக் குறிப்பைப் பொறிக்காமல் ஒரு படைப்பை வெளியிட்டால் உரிமையே பறிபோகக்கூடும். 1989 மார்ச் 1 முதல்தான் அந்தக் கட்டாயம் நீங்கியது. ஆகவே உரிமம் பெற்றுப் பொருள் செய்தவர்கள், பத்து ஆண்டுகள் கழித்துச் செய்தாலும் இருபது ஆண்டுகள் கழித்துச் செய்தாலும், அதே பழைய ஆண்டையே பொறித்தார்கள். ஒரு நூலின் இருபதாம் பதிப்பிலும் முதற்பதிப்பின் ஆண்டு இருக்கத்தான் செய்கிறது. நூலிலாவது இது இருபதாம் பதிப்பு என்று அடுத்த வரியில் அச்சிடுகிறார்கள். பென் ஸ்டாண்டில் அந்த அடுத்த வரி இல்லை. இரண்டு ஆண்டுகள் பொறித்திருந்தால் பிந்தியதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதுகூட, இந்தப் பொருள் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது என்பதற்கு மட்டுமே சான்று.

ஆசிரியரின் பொருளில் உருவமே சாட்சி சொல்கிறது. பீனட்ஸ் படக்கதை 1950 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. ஸ்னூப்பி தன்னைப் போர்விமானியாகக் கற்பனை செய்துகொள்ளும் காட்சி முதலில் வந்தது 1965 அக்டோபரில். குருவிக்கு வுட்ஸ்டாக் என்று பெயரிட்டது 1970 ஜூனில். பெயர் எழுதிய குருவி கூடவே இருக்கும்போது 1958 என்ற பேச்சுக்கே இடமில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களின் பெட்டிகளில் இத்தகைய ஹாங்காங், தைவான் பொருள்கள் நம் பக்கத்து வீடுகளுக்கு ஏராளமாக வந்து சேர்ந்தன; இதுவும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

ஆண்டைவிட உரிமையாளரின் பெயர் அதிகம் சொல்லும். மிக்கி மவுஸ் பொருளில் வால்ட் டிஸ்னி எண்டர்பிரைசஸ் என்று இருந்தால், அது பெரும்பாலும் முப்பதுகளைச் சேர்ந்தது. வால்ட் டிஸ்னி புரொடக்‌ஷன்ஸ் என்றால் ஏறத்தாழ 1939 முதல் 1986 வரை. ஸ்னூப்பி பொருளில் பீனட்ஸ் வேர்ல்டுவைடு என்று கண்டால், அது 2010க்கு முந்தியது அன்று. செய்த நாட்டின் பெயரும் அப்படியே: ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான் (Occupied Japan) என்ற முத்திரை 1952க்குப் பின் இல்லை, மேற்கு ஜெர்மனி என்பது 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. வட்ட தோசையில் ஒரு துண்டைப் பிய்த்தெடுத்தது போன்ற மிக்கியின் கண் முப்பதுகளின் அடையாளம் என்பது உண்மை. ஆனால் பழைய பாணி என்று பிற்காலத்திலும் அதே கண்ணை வரைந்து விற்றிருக்கிறார்கள் என்பதால், கண்ணை மட்டும் நம்பி நான் எழுதிக் கொடுப்பதில்லை.

நம் எல்லைப்புறத்துக்கு வேறொரு வசதி உண்டு. அதைப் பலரும் கிழித்தெறிந்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். பென்சில் பாக்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் கடைச் சீட்டைத்தான் சொல்கிறேன். விலை நயா பைசாவில் இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில் விற்றது. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. மலையாள எழுத்துச் சீர்திருத்தம் 1971இலும், தமிழ் எழுத்துச் சீர்திருத்தம் 1978இலும் நடைமுறைக்கு வந்தன. கோயம்புத்தூர்க் கடைச் சீட்டில் யானைத் துதிக்கை போன்ற பழைய லை இருக்கிறதா என்று நான் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்ப்பது அதனால்தான். பெரியார் 1935 முதலே புதிய எழுத்தைத் தம் இதழ்களில் கையாண்டார், பழைய ஈய எழுத்துகளை மாற்றாத அச்சகங்களும் 1978க்குப் பிறகு இருந்தன என்பதால், இதுவும் தனித்து நிற்கும் சான்று அன்று. சீட்டு விற்ற காலத்தைத்தான் சொல்லும், செய்த காலத்தை அன்று என்பதையும் மறக்கக் கூடாது.

ஆண்டு மோகத்தால் வரும் எதிர்ப்பக்க இழப்புதான் எனக்கு அதிக வேதனை தருகிறது. கல்பாத்தியில் ஒரு மாமியின் வீட்டில் அட்டையால் செய்த மிக்கி மவுஸ் பென்சில் பாக்ஸ் ஒன்று இருந்தது. அதில் ஆண்டே இல்லை, ஆகவே போலி என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அதைப் போற்றுவார் இல்லை; பேரக்குழந்தைகள் விளையாட, அழுக்குப் போகட்டும் என்று ஈரத்துணியால் சோப்புப் போட்டுத் துடைத்தும் இருக்கிறார்கள். என்னிடம் வந்தபோது மேற்தாள் பாதி உரிந்து, மூலையில் எண்டர்பிரைசஸ் என்பதன் முதல் சில எழுத்துகளும், ஜோசப் டிக்சன் நிறுவனத்தின் பெயரில் ஒரு பகுதியும் மட்டும் எஞ்சியிருந்தன. முப்பதுகளில் மிக்கி பென்சில் பாக்ஸ்களை வெளியிட்ட அமெரிக்கப் பென்சில் நிறுவனம் அது. அந்தப் பெட்டி அசல்.

ஆகவே, தயவுசெய்து எதையும் துடைக்கும் முன் அடியையும் உட்புறத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தகரப் பெட்டியைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள். அச்சிட்ட படம் துருவோடு சேர்ந்தே போய்விடும். உலர்ந்த மெல்லிய தூரிகை போதும். பழைய பிளாஸ்டிக் வகைகளான பேக்கலைட்டா செல்லுலாய்டா என்று அறியப் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்லும் காணொளிகளைப் பார்த்துவிட்டு அதை வீட்டில் செய்யாதீர்கள். செல்லுலாய்டு பொசுக்கென்று தீப்பற்றக்கூடிய பொருள். கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தாலே கற்பூர வாசம் வரும். பழைய தகர ஷார்ப்னரின் வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும்; அதைக் கண்ணாடி அலமாரியில் வையுங்கள், குழந்தையின் கையில் கொடுக்காதீர்கள். பணம் கொடுக்கும் முன் அடிப்பாகத்தின் படத்தைக் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே, இதை யார், எந்த நாட்டிலிருந்து, எந்தக் கல்யாணத்துக்கு வந்தபோது கொண்டு வந்தார் என்று விசாரித்து, ஒரு தாளில் எழுதிப் பொருளோடு வையுங்கள். ஆசிரியரின் பென் ஸ்டாண்டுக்கு அப்படி ஒரு தாள் இல்லாததால், 1970 ஜூனுக்குப் பின், ஹாங்காங் என்பதற்கு மேல் என்னால் எழுதிக் கொடுக்க முடியவில்லை.