எலும்பு சிக்கியதா, தொற்று இருமலா?

காரைக்குடிப் பக்கம் ஒரு நாய் வறட்டு இருமலாக இருமி, கடைசியில் ஓங்கரித்து வெள்ளை நுரையைக் கக்கினால், வீட்டில் முதலில் வரும் பேச்சு "கோழி எலும்பு சிக்கிருச்சு" என்பதுதான். சிக்கியிருக்கவும் கூடும், அதை மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் ரெண்டு மூணு நாளாக இருமிக்கொண்டே, வழக்கம்போலச் சோறும் தின்று வாலாட்டித் திரிகிற நாய்க்குப் பெரும்பாலும் வந்திருப்பது கென்னல் காஃப், அதாவது தொற்று இருமல்.

இது ஒரே கிருமியின் வேலை அல்ல. பாராஇன்ஃப்ளுயன்சா, அடினோவைரஸ் 2 போன்ற வைரஸ்களும் போர்டெடெல்லா என்ற பாக்டீரியாவும் தனியாகவோ கூட்டாகவோ வரும். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் நுண்ணிய இழைகள், காற்றில் நெற்பயிர் அசைவதுபோல ஓயாமல் அசைந்து, சளியையும் தூசியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். போர்டெடெல்லா அந்த இழைகளிலேயே ஒட்டிக்கொண்டு அவற்றை முடக்கிவிடுகிறது. சளி தேங்கும், குழாய் புண்ணாகும், கழுத்துப் பட்டை லேசாக இழுபட்டாலே இருமல் கிளம்பும். அதனால் இந்த நாட்களில் மார்புப் பட்டைதான் நல்லது.

கிருமி புகுந்து 2 முதல் 14 நாட்களுக்குள் அறிகுறி தெரியும். பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ சென்னையிலிருந்து வருகிறவர்கள், அதற்கு முன் நாய் விடுதியில் விட்டிருந்த நாயையும் காரில் ஏற்றி வருவார்கள். அது வந்து இறங்கும்போது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வளவில் ஊர் நாய்களோடு மூக்கோடு மூக்கு உரசி ஒரே சட்டியில் தண்ணீர் குடித்தால் போதும். இருமும்போது தெறிக்கும் துளிகளாலும் பரவும் என்பதால், தட்டை மட்டும் பிரித்துவைத்துப் பயனில்லை, இருமுகிற நாயின் இடத்தையே பிரிக்க வேண்டும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த உள்ளறையில் அடைக்காதீர்கள், அந்தத் தூசி இருமலைக் கூட்டும். காற்றோட்டமான பின்கட்டு போதும். மற்ற நாய்களைக் கவனித்துவிட்டுக் கடைசியாக இதனிடம் போய், அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

குட்டிகளுக்குப் போடும் வழக்கமான கூட்டுத் தடுப்பூசியில் பொதுவாகப் போர்டெடெல்லா இருக்காது, தனியாகக் கேட்டுப் போட வேண்டும். போட்டாலும் இருமல் வரலாம், கடுமை குறையும். பயணத்துக்குச் சில வாரம் முன்பே போட்டுவிடுங்கள்.

சாப்பிடாமல் படுத்துவிட்டால், மூச்சு வாங்கினால், மூக்கில் மஞ்சளாகச் சளி வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். இருமலோடு கண்ணில் பீளையும் வலிப்பும் சேர்ந்தால் அது டிஸ்டெம்பராக இருக்கலாம், உயிரைப் பறிக்கும் நோய் அது. வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலையும் இருமல் மருந்தையும் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரத்தில் சரியாகிவிடும். இருமல் நின்ற பிறகும் சில வாரங்கள் கிருமி வெளிவரலாம், அதனால் குட்டி போட்டிருக்கிற பக்கத்து வீட்டுக்கு அதுவரை அழைத்துப் போக வேண்டாம்.