மூச்சில் நுழைந்து மூளைக்குப் போகும் பங்கசு

காலபோகத்துக்கு முன் வாய்க்கால் துப்புரவாக்க ஆட்கள் வராவிட்டால் என்ன நடக்கும் என்று கிளிநொச்சிக் கமக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. இரணைமடுக் குளம் நிரம்பி நின்றாலும் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேராது. பல்மனரி அல்வியோலர் புரோட்டினோசிஸ் என்ற அரிய நோயில் நுரையீரலுக்கும் இதே கதிதான்.

நுரையீரலின் சிற்றறைகள் சுருங்கி ஒட்டிவிடாமல் காக்க, கொழுப்பும் புரதமும் கலந்த மெல்லிய படலம் ஒன்று சுரக்கிறது. பழசாகிப்போனதைத் தின்று அகற்றுவது தின்குழியங்களின் வேலை. ஜீ.எம்.-சீ.எஸ்.எப் என்ற புரதம் வந்து தூண்டினால்தான் அவை முதிர்ந்து வேலைக்கு இறங்கும். 1994இல் இந்தப் புரதம் இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். இரத்தக் கலங்களின் உற்பத்தியில் பெரிய குறை இல்லை, நுரையீரல்தான் அடைத்துக்கொண்டது.

சில பிள்ளைகளுக்கு அந்தப் புரதத்தை ஏற்கும் வாங்கியின் பரம்பரையலகிலேயே பழுது. வேறு சிலரின் உடலோ அதற்கெதிரான பிறபொருளெதிரிகளை உண்டாக்கி, தூதை வழியிலேயே மறித்துவிடுகிறது. எப்படியோ, கழிவு தேங்கி மூச்சு வாங்கும். மயக்க மருந்து கொடுத்து நுரையீரலை லீற்றர் கணக்கில் உப்புநீரால் கழுவுவார்கள். வெளியே வரும் நீர் பால்போல் இருக்கும்.

சரி, இதில் மூளை எங்கே வந்தது? கிருமிகளைக் கொல்வதும் அதே தின்குழியங்கள்தான். கிரிப்டோகொக்கசு என்ற பங்கசு மண்ணிலும் புறா எச்சத்திலும் வாழ்கிறது. அதன் ஓர் இனமான கற்றியை (gattii) 1990இல் அவுஸ்திரேலியாவில் யூக்கலிப்டசு மரங்களில் கண்டுபிடித்தார்கள். வன்னியின் செம்புழுதியை நாமெல்லோரும்தான் சுவாசிக்கிறோம். அதற்காகப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மறிக்கும் பிறபொருளெதிரி உள்ளவரிடம் காவல் பலவீனம். தடித்த சர்க்கரை உறை போர்த்திய பங்கசு இரத்தத்தில் இறங்கும். சிலவேளை தன்னை விழுங்கிய தின்குழியத்துக்குள்ளேயே சாகாமல் பதுங்கி மூளைக்குள் போய்விடும். திருடனைப் பொலிஸ் ஜீப்பே வீட்டுக்குள் கொண்டுபோய் இறக்கிவிடுவது போல!

அப்புறம் மூளையைச் சுற்றிய நீரில் அழுத்தம் ஏறும். கிழமைக்கணக்கில் தலையிடி, வாந்தி, இரட்டைப் பார்வை. காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம் என்பதால், 'வெயில் பட்டிருக்கும்' என்று பனடோலோடு விட்டுவிடுவோம். முள்ளந்தண்டிலிருந்து எடுத்த நீரை இந்தியன் மையோடு கலந்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால், கறுப்புப் பின்னணியில் வெள்ளை வளையம் சூழ்ந்த உருண்டைகள் தெரியும். பங்கசைக் கொல்லும் மருந்துகளான அம்போடெரிசினும் புளூசைற்றோசினும் முதலில். பிறகு மாதக்கணக்கில் புளுகொனசோல். அழுத்தம் கூடினால் அந்த நீரைத் திரும்பத் திரும்ப எடுத்துக் குறைக்கவும் வேண்டும்.

சிலருக்கு எல்லாம் தலைகீழாக நடக்கும்: மூளைத் தொற்று முதலில், நுரையீரல் அடைப்பு பிறகு. எச்.ஐ.வி.யும் இல்லை, வேறு காரணமும் இல்லை என்ற நிலையில் கற்றி மூளைக்குப் போயிருந்தால், நெஞ்சு தெளிவாக இருந்தாலும் அந்தப் பிறபொருளெதிரிக்கு இரத்தம் சோதிக்கச் சொல்வது அதனால்தான்.