பட்டியல் காலியானால் உங்கள் டெம்ப்ளேட் என்ன சொல்கிறது?

பெங்களூரில் எங்கள் டீமில் கோட் ரிவ்யூவுக்கு உட்கார்ந்தால், டெம்ப்ளேட்டில், அதாவது பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று எழுதி வைக்கும் கோப்பில், நான் முதலில் தேடுவது பட்டியலை ஒவ்வொன்றாகக் காட்டும் ஃபார் லூப்பைத்தான். எழுதுபவரிடம் எப்போதும் டெஸ்ட் டேட்டா இருக்கும். பக்கம் நிறைந்து தெரியும். இன்று கணக்குத் தொடங்கியவருக்கு அப்படி இல்லை.

பட்டியல் காலியானால் என்ன காட்டுவது என்று லூப்போடு சேர்த்தே எழுத, வெப்சைட் கட்டும் கருவிகளில் வழி ஏற்கெனவே இருக்கிறது. ஜாங்கோவில் எம்ப்டி, லாராவெல் பிளேடில் ஃபார்எல்ஸ், ஜின்ஜாவிலும் ட்விக்கிலும் லூப்போடு வரும் எல்ஸ். ஆங்குலரிலும் 17-ஆம் பதிப்பில் எம்ப்டி வந்துவிட்டது. பைத்தானின் ஃபார்-எல்ஸை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது பிரேக் கட்டளையால் நடுவில் நிற்காமல் லூப் முடிந்தால் ஓடும். ஜின்ஜாவில் ஒரு சுற்றுகூட ஓடாதபோதுதான் எல்ஸ் ஓடும்.

ஆனால் எம்ப்டி எழுதியதோடு வேலை முடியவில்லை. ஜாங்கோவில் பட்டியல் காலியாக இருந்தாலும் அது ஓடும், அந்த வேரியபிளே கிடைக்காவிட்டாலும் ஓடும். வியூவில் (டேட்டாவை எடுத்து டெம்ப்ளேட்டுக்கு அனுப்பும் கோடில்) ஒரு பெயர், டெம்ப்ளேட்டில் ஓர் எழுத்து மாறிய இன்னொரு பெயர் என்றால் எர்ரர் வராது. "ரிப்போர்ட் எதுவும் இல்லை" என்று பக்கம் பொய் சொல்லும்.

அல்சூரில் ஒரு பரிசோதனை மையத்தில் ஓர் அம்மா மொபைலை என்னிடம் நீட்டினார். "தம்பி, ரிப்போர்ட் இன்னும் வரலையா, இல்ல நெட்டு போயிடுச்சா?" திரையில் தேதி, பரிசோதனை என்று தலைப்பு வரி மட்டும். அதைப் பார்த்து யாராலும் பதில் சொல்ல முடியாது. முடிவு இன்னும் வரவில்லையென்றால் அவர் காத்திருக்கலாம். தேதி ஃபில்டரில் விடுபட்டிருந்தால் தேதியை மாற்றலாம். சர்வர் பதில் தரவில்லையென்றால் உடனே கவுண்டரில் கேட்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே வெற்றிடத்தைக் காட்டினால், வயதானவர்கள் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இந்த மூன்றையும் பிரித்தறிய வேண்டிய இடம் வியூ. டேட்டா எடுக்கும்போது எக்ஸெப்ஷன், அதாவது கோட் ஓடும்போது எர்ரர், வந்தால், அதைப் பிடித்துக் காலிப் பட்டியலைத் திருப்பி அனுப்பும் வழக்கத்தை முதலில் விடுங்கள். நான் பார்க்கும் கோடில் பெரும்பாலான தவறான "எதுவும் இல்லை" அங்கேதான் பிறக்கிறது. ஃபில்டர் போட்டிருக்கிறார்களா என்பதையும் டெம்ப்ளேட்டுக்கு அனுப்புங்கள். அப்போது "இந்தத் தேதிகளில் ரிப்போர்ட் இல்லை" என்று எழுதி, பக்கத்திலேயே ஃபில்டரை நீக்கும் பட்டனையும் வைக்கலாம்.

டேபிளைத் திறக்கும் முன்பே பட்டியலில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பு வரி தனியாக நிற்காது. ரியாக்ட் எழுதுபவர்கள் பட்டியலின் லெங்த்தை (எத்தனை இருக்கிறது என்ற எண்ணை) அப்படியே அண்ட் குறிக்கு (&&) முன்னால் வைத்தால், பட்டியல் காலியாகும்போது திரையில் 0 விழும்; பூஜ்யத்தைவிடப் பெரிதா என்று ஒப்பிட்டு எழுதுங்கள்.

பட்டியல் காட்டும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ரெக்கார்டுகூட இல்லாத டெஸ்ட் ஒன்று, டேட்டாபேஸ் விழுந்த நிலைக்கு இன்னொன்று எழுதுங்கள். இரண்டிலும் ஒரே வாசகம் வந்தால் அந்தக் கோடை மெயின் கோடோடு மெர்ஜ் செய்ய வேண்டாம்.