மீட்பு அல்ல, தேற்றுமுறை

‘மேம்படுத்தப்பட்ட மீட்பு’. இந்த வாரம் நான்காவது விடைத்தாளிலும் இதைச் சுழித்தேன். சேலத்தில், மயக்க மருந்துப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவிகளுக்குக் குடல் அறுவையின் ‘ஈராஸ்’ முறையை நடத்துகிறேன். அறுவை முடிந்தவர் நல்லபடி குணமாக, முன்னும் பின்னும் செய்கிற கவனிப்புகளின் தொகுப்பு அது; ஆங்கிலத்தில் ‘என்ஹான்ஸ்ட் ரெக்கவரி ஆஃப்டர் சர்ஜரி’. பாடம் சுலபம். பெயரில்தான் தகராறு.

ரெக்கவரி லத்தீன் வழிச் சொல். திரும்பப் பெறுவது என்று பொருள். உடனே அகராதியைப் புரட்டி ‘மீட்பு’ என்று போட்டுவிட்டார்கள். தமிழில் மீட்பது அடகு நகையை. தீயணைப்புத் துறை மீட்பது கிணற்றில் விழுந்த மாட்டை. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவரிடம் என் மாணவி படிவத்தை வாசித்தாள். “எதைங்க சிஸ்டர் மீட்கணும்? வச்சதெல்லாம் போன தையிலயே திருப்பியாச்சே” என்றார். மேம்படுத்தப்பட்ட, பயன்படுத்தப்பட்ட என்று எழுதியெழுதியே மொழிபெயர்ப்பாளர்கள் தமிழைப் பட்ட மரமாக்கிவிட்டார்கள், அது வேறு.

‘விரைவு நலம்’ என்போர் கொஞ்சம் தேவலை. ஆனாலும் தப்புதான். டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் 1990களில் இதை வளர்த்தபோது ‘ஃபாஸ்ட் டிராக்’ என்றே பேச்சு. 2001இல் உருவான ஐரோப்பியக் குழு, வேகத்தைவிடத் தரமே பெரிது என்று அந்தப் பெயரை விட்டது. அவர்கள் கழற்றிப்போட்ட விரைவை நாம் எடுத்து ஒட்டுகிறோம். வீட்டாரோ ‘பெட்டைக் காலி பண்ணச் சொல்றாங்க’ என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

நம்மிடம் சொல் இல்லையா? ஆத்தூரானாலும் ஏற்காட்டு எஸ்டேட்டானாலும் கேட்பது ஒன்றுதான்: “உடம்பு தேறிடுச்சா?” தேறுவது, கலங்கியது தெளிவது. தெளியவைப்பது தேற்றுவது. கலங்கல் தண்ணீருக்குப் பானையில் உரைக்கும் தேத்தாங்கொட்டையும் இந்தச் சொல்லின் உறவுதான். சித்த மருத்துவத்தில் ‘உடல்தேற்றி’ என்றே ஒரு மருந்து வகை உண்டு.

ஆகவே என் சொல் ‘அறுவைத் தேற்றுமுறை’. தானாகத் தேறட்டும் என்று இங்கே யாரும் கைகட்டி நிற்பதில்லை. பெரும்பாலோருக்கு மயக்கம் கொடுக்க 2 மணி நேரம் முன்புவரை தண்ணீர் போன்ற தெளிந்த பானம், மேசையில் உடம்பு குளிராமல் பார்த்துக்கொள்வது, மார்ஃபினைக் குறைத்து வேறு வழிகளில் வலியடக்குவது, வழக்கத்துக்காக மூக்குக்குழாயை விட்டுவைக்காதது, சீக்கிரமே எழுப்பி நடக்கவிடுவது எல்லாம் தேற்றுகிற வேலை. ‘காத்துப் பிரியட்டும், அப்புறம் கஞ்சி’ என்ற பழைய கட்டளைக்கு இதில் இடமில்லை.

தேற்றுவது ஆறுதல் சொல்வதல்லவா என்றார் தமிழாசிரியர் நண்பர். இருக்கட்டுமே, குடலை வெட்டித் தைத்தவருக்கு அதுவும் வேண்டாமா? சுருக்கமாகத் ‘தேற்றம்’ என்றே வைத்திருப்பேன். கணக்கு வாத்தியார்கள் சண்டைக்கு வருவார்கள்.