ஸ்டீரியோடைப் – அச்சுவார்ப்பு: சின்னத்திரையில் சிறுபான்மையர் குறித்த ஒரு சொல் விளக்கம்

ஒரு சமூகத்தைச் சேர்ந்த எவரையும் முன்பே தீர்மானித்த ஒரே தோற்றத்தில், ஒரே பேச்சில், ஒரே தொழிலில் காட்டும் வழக்கத்தை ‘ஸ்டீரியோடைப்’ என்கிறார்கள். வட்டிக்கடை என்றால் ‘நம்பள், நிம்பள்’ என்று பேசும் சேட்டு, டீக்கடை என்றால் மலையாளி, பிரியாணி என்றால் குல்லா அணிந்த பாய், பாசிமணி என்றால் சிரிப்பு மூட்டிவிட்டுப் போகும் நரிக்குறவர் என்று தமிழ்ச் சின்னத்திரையில் இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியதில்லை.

சொல் பிறந்த இடம் அச்சகம். திண்மையைக் குறிக்கும் ‘ஸ்டீரியோஸ்’, பதிவைக் குறிக்கும் ‘டைப்போஸ்’ என்னும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, 1790களில் ஃபிர்மின் திதோ என்ற பிரெஞ்சு அச்சகத்தார் இதை உருவாக்கினார். தனித்தனி ஈய எழுத்துகளைக் கோத்து முடித்த பக்கத்தின் மேல் அச்செடுத்து, அதில் உருக்கிய உலோகத்தை ஊற்றினால் முழுப்பக்கமும் ஒரே தகடாக இறுகிவிடும். அந்தத் தகட்டை வைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம். ஆனால் கோத்த எழுத்தில் பிழை கண்டால் ஒன்றை உருவிவிட்டு வேறொன்றைச் செருகுவதுபோல, இதில் ஓர் எழுத்தை மட்டும் எளிதில் மாற்ற இயலாது. மனிதர்களைப் பற்றி மனத்தில் உறைந்துபோன படிமங்களைக் குறிக்க, அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மன் 1922இல் இச்சொல்லை எடுத்தாண்ட பிறகே அது இன்றைய பொருளில் பரவியது.

தமிழில் இதற்குப் பல சொற்கள் புழங்குகின்றன. ‘முன்முடிவு’ என்பது பார்ப்பவரின் மனநிலையைச் சொல்லுமே ஒழியத் திரையில் தெரியும் உருவத்தைச் சொல்லாது. ‘முத்திரை குத்துதல்’ செயலைக் குறிக்கும்; அதன் விளைவைக் குறிக்காது. ‘வார்ப்புரு’ பொருத்தமானதுதான் என்றாலும், கணினித் தமிழ் அதை நிரப்புவதற்கான மாதிரிப் படிவம் என்ற பொருளில் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. ‘வகைமாதிரி’ திறனாய்வாளர்களின் சொல்; தன் காலத்தையும் வர்க்கத்தையும் தன்னுள் தாங்கி, அதே வேளையில் தனி மனிதராகவும் நிற்கும் பாத்திரத்தை அது பாராட்டிச் சொல்வதால், இங்கே அதைப் பயன்படுத்துவது தலைகீழான பிழையாகும். ‘அச்சுல வார்த்த மாதிரி’ என்று நம் பக்கத்தில் நாளும் பேசுகிறோம். அந்தப் பேச்சிலிருந்தே ‘அச்சுவார்ப்பு’ என்ற சொல்லைப் பெறலாம். அச்சகத்தையும் உலோகத்தையும் அது விடாமல் வைத்திருக்கிறது.

இந்தச் சொல்லின் பயனை மதுரையில் வைத்துப் பார்க்கலாம். மதுரை, திண்டுக்கல், உத்தமபாளையம் வட்டாரங்களின் ராவுத்தர் குடும்பங்களுக்குத் தாய்மொழி தமிழே. தந்தையை ‘அத்தா’ என்றுதான் அழைப்பார்கள். தொடரில் வரும் இஸ்லாமியரோ எந்த ஊரில் பிறந்தவரானாலும் ‘அரே’ என்று உருதுச் சாயலில் தொடங்குவார். இல்லாவிட்டால் கடற்கரை ஊர்களில் வழங்கும் ‘வாப்பா’வைக் கடன் வாங்குவார். இதில் யாரையும் இழிவுபடுத்தும் நோக்கம் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் ‘அத்தா’ என்ற ஒரே சொல்லைக்கூட மாற்றிச் செருக முடியாத அளவுக்குத் தகடு இறுகிவிட்டது என்பதே கவனிக்க வேண்டியது.

‘சிறுபான்மை’ என்ற சொல்லும் சற்றுப் பழையது. இலக்கண உரையாசிரியர்கள் ‘சிறுபான்மை’ என்று எழுதினால் ‘சில இடங்களில் மட்டும் வருவது’ என்றே பொருள். மக்கள் தொகையோடு அதற்குத் தொடர்பில்லை. இன்று அதைக் கேட்டதும் மதம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. அரசமைப்பின் 30ஆவது பிரிவோ மதத்தையும் மொழியையும் சேர்த்தே சொல்கிறது. திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றித் தலைமுறைகளாக வாழும், தனி மொழியும் எழுத்தும் கொண்ட சௌராஷ்டிரர்கள் மொழிச் சிறுபான்மையர். மதுரையைக் கதைக்களமாகக் கொண்டு கோபுரத்தையும் ஜிகர்தண்டாவையும் தவறாமல் காட்டும் தொடர்களில், வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசி வாசலில் தமிழ் பேசும் ஒரு குடும்பத்தைக் காண்பது அரிது.

இப்படிக் காணாமல் போவதும் சித்தரிப்பின் ஒரு படிநிலைதான் என்று அமெரிக்கத் தொலைக்காட்சியை ஆராய்ந்த செட்ரிக் கிளார்க் 1969இல் வகுத்தார்: முதலில் கண்டுகொள்ளாமை, அடுத்து ஏளனம், பிறகு ஒழுங்குக் காவல், கடைசியில் மதிப்பு. மூன்றாவது படிநிலை நுட்பமானது. சிறுபான்மையரைக் காவலராகவும் சட்டத்தின் பக்கம் நிற்பவராகவும் மட்டுமே காட்டுவது அது. நாயகனுக்காக உயிரைக் கொடுத்துத் தன் நாட்டுப்பற்றை மெய்ப்பிக்கும் இஸ்லாமிய நண்பரும், ஓயாமல் மன்னித்துக்கொண்டிருக்கும் பாதிரியாரும் நம் திரையில் இந்த வரிசையில் வருகிறவர்கள். இவர்கள் நல்லவர்கள் என்பதால் அச்சுவார்ப்பு அல்ல என்றாகிவிடாது; நண்பருக்கு எரிச்சலோ சோம்பலோ வர எழுத்தாளர் இடம் தருவதில்லையே!

நரிக்குறவர் சித்தரிப்பு ஏளனப் படிநிலையிலிருந்து நகர்ந்ததாகச் சொல்ல முடியவில்லை. அவர்களைத் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றிய பிறகும், அவர்களுடைய வாக்ரிபோலி மொழி நகைச்சுவைக் காட்சிகளுக்கு வெறும் ஓசையாகவே பயன்படுகிறது.

கேபிள் தொலைக்காட்சிக்கான 1994ஆம் ஆண்டு விதிகளில் உள்ள நிகழ்ச்சி நெறிமுறை, இன, மொழி, வட்டாரக் குழுக்களை இழித்தும் ஏளனமாகவும் காட்டும் காட்சிகளுக்கும் சொற்களுக்கும் தடை விதிக்கிறது. வட்டாரத்தையும் அது சேர்த்திருப்பதால், மதுரைக்காரன் என்றாலே கையில் அரிவாள் என்னும் சித்தரிப்பையும் இந்த நெறிமுறையை வைத்து அளந்து பார்க்கலாம். தம் ஊரில் பெரும்பான்மையாக இருப்பவரும் திரையில் அச்சுவார்ப்பு ஆகலாம்.

பயன்படுத்தும்போது ஒரு வரையறை வேண்டும். தறியில் அமர்ந்திருக்கும் சௌராஷ்டிரரைக் காட்டுவதே அச்சுவார்ப்பு ஆகாது. தறியைத் தவிர வேறெங்கும் அவரைக் காட்டாததுதான் அச்சுவார்ப்பு. பெயராக ‘அச்சுவார்ப்பு’, அடையாக ‘அச்சுவார்ப்புப் பாத்திரம்’, வினையாக ‘அச்சில் வார்த்தல்’ என்று எழுதலாம். இதே அச்சகத் தொழிலிலிருந்து வந்த ‘கிளிஷே’ சலித்துப்போன சொல்லையும் காட்சியையும் குறிப்பது. அதற்குத் ‘தேய்வழக்கு’ என்ற நல்ல தமிழ்ச் சொல் ஏற்கெனவே வழக்கில் உள்ளது.