க்ளூ: நூல்கண்டிலிருந்து துப்பு வரை

விடுகதை போடுகிறவரிடம் "ஒரே ஒரு க்ளூ கொடுங்களேன்" என்று கெஞ்சாத பிள்ளை உண்டா? போலீஸ் செய்தியிலும் அதே சொல்தான்: "இன்னும் ஒரு க்ளூகூடக் கிடைக்கவில்லை." இந்த க்ளூவுக்கு முதலில் இருந்த பொருள் நூல்கண்டு. சட்டைக்குப் பொத்தான் தைக்க எடுப்போமே, அதேதான்.

பழைய ஆங்கிலத்தில் நூல் உருண்டையை 'க்ளிவென்' என்றார்கள். அது தேய்ந்து 'க்ளியூ' ஆனது. நூல்கண்டு துப்பாக மாறியதற்குக் காரணம் ஒரு கிரேக்கக் கதை. கிரீட் தீவில், உள்ளே போனவர் திரும்பி வர முடியாத புதிர்வழி ஒன்று இருந்தது. அதற்குள் காளைத் தலை கொண்ட மினோட்டார். அதைக் கொல்லப் போன தீசியஸின் கையில் அரியாட்னி என்ற இளவரசி ஒரு நூல்கண்டைக் கொடுத்தாள். வாசலில் ஒரு முனையைக் கட்டிவிட்டு, கண்டைப் பிரித்துக்கொண்டே அவன் உள்ளே போனான். வேலை முடிந்ததும் அந்த நூலைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தான். 14ஆம் நூற்றாண்டில் இந்தக் கதையைச் சொன்ன ஆங்கிலக் கவிஞர் சாசரும் அந்த நூல்கண்டுக்கு இந்தச் சொல்லையே போட்டார். கதை பரவப் பரவ, சிக்கலிலிருந்து வெளியே வர வழிகாட்டும் எதுவுமே க்ளூ ஆனது. எழுத்துக்கூட்டலும் மாறியது. நூல் என்ற பொருளை மக்கள் மறந்தேபோனார்கள்.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்வது? குறிப்பு, தடயம், துப்பு என்று மூன்று சொற்கள் புழங்குகின்றன. குறுக்கெழுத்துப் புதிருக்குக் குறிப்பு போதும். குற்றக் கதைகளை மொழிபெயர்ப்பவர்கள் பலர் தடயம் என்று எழுதுகிறார்கள். பல இடங்களில் அது தவறு என்பது என் எண்ணம். ஏன் என்று காட்ட ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். ஆங்கிலேய நாட்டுப்புற மாளிகையில் நடக்கும் மர்மக் கதைகள் பலவற்றுக்கு முன்மாதிரியாக இருந்த உண்மை வழக்கு அது.

1860 ஜூன் 29 இரவு. இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ரோடு என்ற கிராமத்தில் ரோடு ஹில் ஹவுஸ் என்ற பெரிய வீடு. தொழிற்சாலை ஆய்வாளர் சாமுவேல் கென்ட்டின் குடும்பமும் வேலைக்காரர்களும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். விடிந்து பார்த்தால், நான்கு வயது நிரம்பாத சாவில் என்ற மகனைக் கட்டிலில் காணோம். வரவேற்பறை ஜன்னல் திறந்திருந்தது. தோட்டத்துக் கழிப்பிடத்தில், கழுத்து அறுபட்ட நிலையில் குழந்தையின் உடல் கிடைத்தது.

உள்ளூர் போலீசுக்குச் சமையற்கட்டு அடுப்புக் குழியில் ரத்தக்கறை படிந்த ஓர் உள்ளாடை கிடைத்தது. ஒளித்து வைத்தவர் எடுக்க வருவார், பிடித்துவிடலாம் என்று அதை அங்கேயே விட்டுவைத்தார்கள். அப்புறம் போய்ப் பார்த்தால் காணவில்லை. அதை வெளியே சொல்லவும் இல்லை. கையில் வந்த தடயம் அப்படிப் போயிற்று.

ஜூலை நடுவில் லண்டனிலிருந்து ஜொனாதன் விச்சர் வந்தார். லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டில் 1842இல் 8 பேருடன் துப்பறியும் பிரிவு தொடங்கியபோதே அதில் சேர்ந்தவர், ஒரு தோட்டக்காரரின் மகன். சாமுவேலின் முதல் மனைவி மகளான 16 வயது கான்ஸ்டன்ஸின் அறையில், அவள் கைப்பட எழுதிய துணிப் பட்டியலை அவர் பார்த்தார். இரவு அங்கிகள் மூன்று என்று இருந்தது. இருந்தவை இரண்டு. மூன்றாவது சலவைக்குப் போய்த் தொலைந்துவிட்டது என்றாள் அவள். கூடையில் வைத்துச் சலவைக் கணக்குப் புத்தகத்தில் எழுதினேன் என்றாள் வேலைக்காரப் பெண். கூடையில் அது வரவே இல்லை என்றாள் சலவைக்காரி. வேலைக்காரப் பெண்ணைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டு, அந்த இடைவெளியில் கான்ஸ்டன்ஸ் அங்கியைக் கூடையிலிருந்து எடுத்துவிட்டாள் என்று விச்சர் முடிவுக்கு வந்தார்.

இங்கே தடயம் எது? எதுவுமே இல்லை. தடயம் என்றால் காலடித் தடம்போலக் கண்ணுக்குத் தெரிய ஏதாவது கிடக்க வேண்டும். விச்சரிடம் இருந்தது இல்லாத ஓர் அங்கி. ஆனால் அதுதான் அவரை வழிநடத்திய க்ளூ. இதைத் தாங்கக்கூடிய தமிழ்ச் சொல் துப்பு ஒன்றுதான்.

துப்பு நமக்குப் புதிய சொல் இல்லை. "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி" என்ற குறளில் அது உணவு. வலிமை, திறமை, பவளம் என்றும் பொருள்கள் உண்டு. "உனக்குத் துப்பு இருக்கா?" என்று வீட்டில் கேட்கும்போதும், "துப்புக் கெட்டவன்" என்று திட்டும்போதும் நாம் சொல்வது அந்தத் திறமையைத்தான். காவல்துறை அறிவிப்பில் "துப்புக் கொடுப்பவருக்குச் சன்மானம்" என்று வரும்போது, உண்மைக்குக் கொண்டுபோகும் செய்தி என்று பொருள். அதனுடன் சேரும் வினையும் அழகு: துப்புத் துலக்குதல். பாத்திரம் துலக்குகிறோமே, அதே துலக்குதல். கரி போகத் தேய்த்தால் உள்ளே இருப்பது பளிச்சென்று தெரியும்.

துப்பறிகிறவரின் வேலையை வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் வைத்தார். "வினைசெய்வார் தம்சுற்றம் வேண்டாதார் என்றாங்கு அனைவரையும் ஆராய்வது ஒற்று." வேலை செய்பவர், சொந்தக்காரர், வேண்டாதவர் யாரையும் விடாமல் ஆராய வேண்டும். அரசனின் ஒற்றனுக்குச் சொன்னதுதான் என்றாலும் ரோடு ஹில் வீட்டுக்கு எவ்வளவு பொருந்துகிறது! வேலைக்காரர்களைச் சந்தேகித்தபோது யாருக்கும் உறுத்தவில்லை. எலிசபெத் காஃப் என்ற தாதிப்பெண் மீதுதான் முதலில் பழி விழுந்தது. விச்சர் 'சுற்றம்' பக்கம் திரும்பியதும்தான் ஊரும் பத்திரிகைகளும் கொதித்தன. ஒரு சாதாரணப் போலீஸ்காரர் நல்ல குடும்பத்துப் பெண்ணின் துணிகளை எண்ணிப் பார்ப்பதா என்று ஏசினார்கள். சாட்சியம் போதாமல் கான்ஸ்டன்ஸை விட்டுவிட்டார்கள். பேர் கெட்டுப்போன விச்சர் 1864இல் வேலையை விட்டு ஓய்வு பெற்றார். அவருக்கு நேர்ந்ததை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ஆகவே மொழிபெயர்ப்பவர்கள் ரத்தக்கறை, கைரேகை, செருப்புத் தடம் வரும் இடத்தில் தடயம் என்றே எழுதலாம். ஒரு வார்த்தை, ஒரு மௌனம், கணக்கில் குறையும் ஓர் அங்கி வழிகாட்டினால் துப்பு என்று எழுதுங்கள். தடயம் துப்பு தரலாம். துப்புக்குத் தடயம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

1865 ஏப்ரலில் கான்ஸ்டன்ஸ் தானே லண்டன் நீதிமன்றத்துக்கு வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்து, 20 வருடம் சிறையில் இருந்தாள். அங்கி என்ன ஆனது என்பதையும் அப்போது சொன்னாள். கொலை நடந்து சில நாள் கழித்துத் தன் அறையிலேயே அதை எரித்துவிட்டு, சாம்பலைச் சமையற்கட்டு அடுப்பில் போட்டுவிட்டாளாம்.